கியூபா (நிகழ்பட நிறுவல்)

கியூபா என்பது துருக்கியக் கலைஞரும் திரைப்பட இயக்குநருமான குத்லூ அத்தமான் 2004 ஆம் ஆண்டில் உருவாக்கிய நிகழ்பட நிறுவல் கலைப் படைப்பு ஆகும். இஸ்தான்புல் நகரில் கியூபா என்று அழைக்கப்படும் ஓர் ஏழைக் குடியிருப்பைச் சேர்ந்த நாற்பது பேர் தத்தம் வாழ்க்கையைப் பற்றிப் பேசிய பதிவுகள், நாற்பது பழைய தொலைக்காட்சிப் பெட்டிகளில் ஒரே நேரத்தில் ஓடிக்கொண்டிருப்பதே இப்படைப்பு. ஒவ்வொரு பெட்டியின் முன்னும் ஒரு நாற்காலி இருக்கும். அறைக்குள் நுழைபவருக்கு முதலில் கேட்பது ஒரு கூட்டத்தின் இரைச்சல் மட்டுமே. ஏதாவது ஒரு நாற்காலியில் அமர்ந்த பின்னரே ஒரு மனிதரின் பேச்சு தெளிவாகக் கேட்கும்.

இப்படைப்பு அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் நகரில் 2004 இல் தொடங்கிய கார்னகி பன்னாட்டுக் கண்காட்சியில் இடம்பெற்றது. அக்கண்காட்சியின் கார்னகி பரிசு அத்தமானுக்கு வழங்கப்பட்டது.

தலைப்பைக் கொண்டு இதைக் கரீபியன் தீவு நாடான கியூபாவைப் பற்றிய படைப்பு என்று கொள்ளுதல் கூடாது. துருக்கிய மொழியில் அந்நாட்டின் பெயரும் இக்குடியிருப்பின் பெயரும் ஒன்றே. படைப்பில் பேசுவோர் அனைவரும் இஸ்தான்புல் வாசிகள்.

நிகழ்பட நிறுவல் என்பது ஒரு திரையில் ஓடும் படத்தை மட்டும் குறிப்பதன்று. திரைகளின் எண்ணிக்கை, அவை வைக்கப்படும் முறை, ஒலி, இருக்கை, அறை ஆகிய எல்லாம் சேர்ந்தே படைப்பாகக் கருதப்படும். பார்வையாளர் அதனுள் நடந்து பார்ப்பார். கியூபாவைப் பொறுத்தவரை இவ்வேறுபாடு முக்கியமானது. இதே நாற்பது பதிவுகளை ஒன்றன்பின் ஒன்றாக ஒரே திரையில் காட்டினால் அது நீண்டதோர் ஆவணப்படமாகிவிடும். படைப்பு சொல்ல வருவதில் பெரும்பகுதி அப்போது காணாமற் போகும்.

இடமும் பெயரும்

இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலிருந்து துருக்கியின் கிராமங்களிலிருந்து பெருந்தொகையான மக்கள் இஸ்தான்புல்லுக்குக் குடிபெயர்ந்தனர். வேளாண்மை இயந்திரமயமானதும், நகரில் தொழிற்சாலைகள் பெருகியதும் இதற்கு முதன்மைக் காரணங்கள். 1950 இல் ஏறத்தாழ 12 இலட்சமாக இருந்த இஸ்தான்புல் மாகாணத்தின் மக்கள்தொகை, 2000 ஆம் ஆண்டில் ஏறத்தாழ ஒரு கோடியாக உயர்ந்தது. வந்தவர்களுக்கு வீடு இல்லை. எனவே நகரின் ஓரங்களில் அரசு நிலத்திலும் பிறர் நிலத்திலும் அனுமதியின்றித் தாமே வீடு கட்டிக்கொண்டனர். இவ்வாறு எழுந்த வீடுகளைத் துருக்கியர் கெஜெகொண்டு என்பர். ‘இரவில் வந்தமர்ந்தது’ என்பது இச்சொல்லின் பொருள். விடிவதற்குள் கூரை போட்டுக் குடியேறிவிட்டால் உடனே இடித்துத் தள்ளுவது அதிகாரிகளுக்கு எளிதாக இருக்காது என்ற நம்பிக்கையே இப்பெயரின் பின்னுள்ளது. 1966 இல் துருக்கி அரசு இவ்வகை வீடுகளுக்கென்றே தனிச் சட்டம் இயற்ற வேண்டியிருந்தது என்பதிலிருந்து இவற்றின் பெருக்கத்தை உணரலாம்.

கியூபாவும் இத்தகைய ஒரு குடியிருப்பே. 1960களில் உருவான இது, அரசின் கண்காணிப்புக்கு அகப்பட விரும்பாதோரின் புகலிடமாக வளர்ந்தது. இங்குக் குடியேறியோரில் குர்து இனத்தவர், இடதுசாரி அரசியலில் ஈடுபட்டோர், வேறெங்கும் இடம் கிடைக்காத ஏழைகள் எனப் பலதரப்பட்டவர்களும் இருந்தனர். 1980 செப்டம்பர் 12 அன்று இராணுவம் ஆட்சியைக் கைப்பற்றியபின் துருக்கியில் இலட்சக்கணக்கானோர் தடுத்து வைக்கப்பட்டனர். இடதுசாரி அமைப்புகள் ஒடுக்கப்பட்டன. 1984 முதல் நாட்டின் தென்கிழக்கில் அரசுக்கும் குர்து ஆயுதக் குழுவுக்கும் இடையே நடந்த போரில் பல கிராமங்கள் வெறுமையாக்கப்பட, அங்கிருந்தோரில் பலர் இஸ்தான்புல்லை வந்தடைந்தனர். கியூபா போன்ற குடியிருப்புகளின் வரலாறு இவ்விரண்டு நிகழ்வுகளோடும் பின்னிப் பிணைந்தது.

குடியிருப்புக்கு இப்பெயர் ஏன் வந்தது என்பதற்கு உறுதியான ஒரே விளக்கம் கிடையாது. இடதுசாரிச் சார்பும், வெளியாரின் தலையீட்டை ஏற்காத பிடிவாதமும் பெயரைப் பொருத்தமாக்கின எனலாம். அங்குள்ளோர் தம்மை முதலில் கியூபாக்காரர் என்றே சொல்லிக்கொண்டனர் என்பதுதான் அத்தமானின் கவனத்தை ஈர்த்தது. இனம், மதம், அரசியல் ஆகியவற்றால் வேறுபட்டோர், எந்த அரசு ஆவணமும் தராத ஒரு முகவரியை முதல் அடையாளமாகக் கொண்டிருந்தனர்.

கலைஞர்

குத்லூ அத்தமான் 1961 இல் இஸ்தான்புல்லில் பிறந்தவர். லாஸ் ஏஞ்சலஸிலுள்ள கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தில் திரைப்படக் கலை பயின்றார். திரைப்படங்களை இயக்கத் தொடங்கிய பின்னரே கலைக்கூடங்களுக்கான நிகழ்படங்களுக்கு வந்தார். 1997 இல் இஸ்தான்புல் ஈராண்டுக் கலைவிழாவில் காட்டப்பட்ட அவருடைய படைப்பில், செமிகா பெர்க்சோய் என்னும் முதிய ஆப்பெரா பாடகி ஏறக்குறைய எட்டு மணிநேரம் தம் வாழ்க்கையைத் தாமே சொல்லியும் நடித்தும் காட்டுகிறார். 1999 இல் வெனிசு ஈராண்டுக் கலைவிழாவில் வைக்கப்பட்ட ‘பொய்முடி அணியும் பெண்கள்’ நான்கு திரைகளைக் கொண்டது. வெவ்வேறு காரணங்களுக்காகப் பொய்முடி அணிந்த நால்வர் அதில் பேசுகின்றனர். அவர்களுள் ஒருவர் தலைமுக்காடு அணிந்து பல்கலைக்கழகத்துக்குள் செல்ல முடியாத மாணவி. தம் முகம் தெரிய அவர் விரும்பாததால் அவருக்குரிய திரை முழுவதும் கருமையாகவே விடப்பட்டது.

கியூபாவைப் புரிந்துகொள்ள இக்கருந்திரை ஒரு நல்ல தொடக்கம். முகம் காட்டாத ஒருவரும் ஒரு திரைக்கு உரியவரே என்பதும், பேசுவது ஒருவர் தம்மைத் தாமே அமைத்துக்கொள்ளும் செயல் என்பதும் அத்தமானின் படைப்புகளில் மீண்டும் மீண்டும் வருவன.

உருவாக்கம்

அத்தமான் இரண்டு ஆண்டுகளுக்கு மேல் கியூபாவுக்குச் சென்றுவந்து, அங்குள்ளோருடன் பழகி, அவர்களைப் பதிவு செய்தார். அந்நியரை எளிதில் உள்ளே விடாத ஒரு குடியிருப்பில் ஒளிப்படக்கருவியுடன் நுழைவது சிறிய செயலன்று. பெரும்பாலானோர் தம் வீட்டு அறையில், வழக்கமாக அமரும் இடத்திலேயே அமர்ந்து பேசுகின்றனர். கேள்வி கேட்பவர் திரையில் தோன்றுவதில்லை. பின்னணி விளக்கமோ, நிலப்படமோ, புள்ளிவிவரமோ சேர்க்கப்படவில்லை. கியூபாவின் தெருக்களைச் சுற்றிக்காட்டும் பொதுக்காட்சியும் இல்லை. ஊர் எப்படியிருக்கும் என்பதைப் பேசுவோரின் சொற்களிலிருந்தும், அவர்களுக்குப் பின்னால் தெரியும் சுவர்களிலிருந்தும் பார்வையாளர் ஊகித்துக்கொள்ள வேண்டியதுதான்.

படைப்பை உருவாக்க இலண்டனைச் சேர்ந்த ஆர்ட்டேஞ்சல் என்ற கலை அமைப்பு பிற நிறுவனங்களுடன் சேர்ந்து பொருளுதவி செய்தது. பழைய கட்டடங்கள் முதலிய, கலைக்கூடமல்லாத இடங்களில் படைப்புகளை வைப்பதற்குப் பெயர்பெற்ற அமைப்பு இது.

காட்சியமைப்பு

நாற்பது தொலைக்காட்சிப் பெட்டிகளும் புதியவையல்ல. வீடுகளில் பயன்படுத்திக் கழித்தவை. அவற்றின் அடியிலுள்ள மேசைகளும் நிலைத்தட்டுகளும் ஒன்றுபோல் மற்றொன்று இல்லாதவை. எதிரேயுள்ள சாய்வு நாற்காலிகளும் அவ்வாறே. யாரோ ஒருவருடைய வீட்டின் வரவேற்பறை நாற்பது முறை பெயர்த்தெடுத்து ஒரு பெருங்கூடத்தில் வரிசையாக வைக்கப்பட்டதுபோல் தோன்றும். 2000களின் தொடக்கத்தில் பெரிய கலைக்கூடங்களில் இருட்டறையும் சுவரளவு வீழ்த்துதிரையும் வழக்கமாகியிருந்தன. அவற்றோடு ஒப்பிட்டால் கியூபாவின் பழைய கண்ணாடிக்குழாய்ப் பெட்டிகள் வேண்டுமென்றே எளிமையானவை என்பது தெரியும். பெட்டிக்கும் நாற்காலிக்கும் இடையேயுள்ள தூரம், ஒருவர் மற்றொருவர் வீட்டில் எதிரெதிரே அமர்ந்து பேசும் தூரமாகும்.

பதிவுகள் வெவ்வேறு நீளமுடையவை. ஒவ்வொன்றும் முடிந்தவுடன் மீண்டும் முதலிலிருந்து தொடங்கும். அவற்றை ஒரு தாளத்துக்குள் கொண்டுவர எந்த ஏற்பாடும் இல்லை. ஆகையால் ஒரு குறிப்பிட்ட கணத்தில் கூடத்தில் கேட்கும் ஒலிக்கலவை மறுபடி அப்படியே கேட்க வாய்ப்பு மிகக் குறைவு. எல்லாவற்றையும் முழுமையாகப் பார்க்க ஒரு நாள் போதாது. ஒரு முறை வந்து செல்பவர் இரண்டு மூன்று பேரைக் கேட்டிருப்பார். பொறுமையுள்ளவர் ஆறேழு பேரைக் கேட்டிருப்பார். எனவே இப்படைப்பைப் பார்த்தவர் இருவர் சந்தித்துப் பேசிக்கொண்டால், இருவரும் வேறு வேறு கியூபாவைப் பார்த்திருப்பர்.

ஒலியின் பங்கு தனியே குறிப்பிடத்தக்கது. வாசலில் நிற்பவரின் காதில் நாற்பது குரல்களும் கலந்து விழுகின்றன. அது சந்தையிலோ தொடர்வண்டி நிலையத்திலோ கேட்கும் ஓசையைப் போன்றது. மனிதக் குரல் என்று தெரியும், சொல் தெரியாது. கூட்டம் என்பது தொலைவிலிருந்து கேட்பவருக்கு எப்போதும் இப்படித்தான் இருக்கும். உள்ளே நடந்து ஒரு பெட்டியை நெருங்க நெருங்க அக்குரல் மட்டும் மேலெழும். மற்ற முப்பத்தொன்பதும் பின்னணி இரைச்சலாகப் பின்வாங்கும். அடுத்த நாற்காலிக்கு மாறினால், சற்று முன்வரை முகமும் பெயரும் கொண்டிருந்த ஒருவர் இரைச்சலின் பகுதியாகிவிடுவார். ஒருவரைக் கேட்க வேண்டுமானால் மற்றவர்களைக் கேளாதிருக்க வேண்டும். இந்தத் தேர்வைப் பார்வையாளர் தம் உடலாலேயே, எழுந்தும் அமர்ந்தும், செய்ய வேண்டியிருக்கிறது.

திரையில் ஓடும் மொழிபெயர்ப்பு வரிகளும் இதற்குத் துணைசெய்கின்றன. துருக்கிய மொழி அறியாத பார்வையாளர் பேச்சைப் புரிந்துகொள்ள அவ்வரிகளை வாசித்தாக வேண்டும். வாசிக்க வேண்டுமானால் திரைக்கு முன்னால் அமர்ந்து முகத்தைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். நடந்துகொண்டே செவிமடுத்துச் செல்லும் வழி அவருக்கு இல்லை. துருக்கிய மொழி தெரிந்தவர் இதனின்றும் வேறுபட்ட நிலையில் இருக்கிறார். ஒருவர் முன் அமர்ந்திருக்கும்போதே பக்கத்துப் பெட்டியிலிருந்து ஒரு சொல்லோ ஓர் ஊர்ப் பெயரோ அவர் காதில் விழும்.

பேச்சின் உள்ளடக்கம்

பேசுவோரில் முதியோரும் இளைஞரும் சிறுவரும் உண்டு. ஆண், பெண் இருபாலரும் உண்டு. காவல்துறையினர் நள்ளிரவில் வந்து வீட்டைச் சோதனையிட்டது, சிறைவாசம், விருப்பமின்றி நடந்த திருமணம், பிள்ளைகளின் படிப்பு, போதைப் பழக்கம், அண்டை வீட்டாரின் உதவி, வேலையின்மை ஆகியன மீண்டும் மீண்டும் வரும் செய்திகள். இவற்றுக்கிடையே வேடிக்கையும் பெருமையும் வம்பும் உண்டு. துயரக் கதைகளின் தொகுப்பு என்று எதிர்பார்த்து அமர்பவர், ஒருவர் தம் காதலைப் பற்றியோ அண்டை வீட்டுக்காரரைப் பற்றியோ விரிவாகச் சொல்வதைக் கேட்க நேரிடும்.

ஒரே நிகழ்ச்சியையோ ஒரே ஆளையோ பற்றி இருவர் வேறு வேறாகச் சொல்வதும் நிகழ்கிறது. அத்தமான் இவற்றைச் சரிபார்த்து ஒன்றாக்கவில்லை. தம் படைப்புகளை ஆவணப்படம் என்னும் வகையில் அடக்குவதை அவர் ஏற்பதில்லை. ஒருவர் தம்மைப் பற்றிப் பேசும்போது மறப்பார், மிகைப்படுத்துவார், சிலவற்றை மறைப்பார். ஆனால் தாம் யாராக அறியப்பட வேண்டும் என்று அவர் விரும்புகிறார் என்பது அப்பேச்சில் வெளிப்படும் என்பதே அவர் நேர்காணல்களில் வலியுறுத்தி வந்த கருத்து. காவல்துறை விசாரணையிலும் ஒருவர் தம்மைப் பற்றிச் சொல்லத்தான் செய்கிறார். அங்கே முரண்பாடு குற்றமாகும். கியூபாவின் நாற்காலியில் அமர்ந்து கேட்பவருக்கோ முரண்பாட்டைத் தீர்த்துவைக்கும் பொறுப்பு இல்லை. விசாரணையை நன்கறிந்த ஒரு குடியிருப்பின் மக்கள் ஒளிப்படக்கருவிக்கு முன் அமர ஒப்புக்கொண்டது ஏன் என்பதற்கு இவ்வேறுபாடு ஓரளவு விடை தருகிறது.

கியூபாக்காரர் என்னும் அடையாளத்தைப் பற்றியும் நாற்பது பேரும் ஒரே கருத்தினர் அல்லர். சிலருக்கு அது கேடயம். வெளியே வேலை தேடும் இளைஞருக்கோ அதே பெயர் ஒரு தடை.

காட்சிக்கு வைக்கப்பட்ட இடங்கள்

பிட்ஸ்பர்க்குக்குப் பின் 2005 ஆம் ஆண்டு வேனிற்காலத்தில் இப்படைப்பு இலண்டனின் நியூ ஆக்ஸ்போர்டு தெருவில், பயன்பாடற்றுக் கிடந்த பழைய அஞ்சல் பிரிப்பு நிலையத்தில் வைக்கப்பட்டது. ஒரு காலத்தில் முகவரி பார்த்துக் கடிதங்களைப் பிரித்த கூடத்தில், ஒழுங்கான முகவரி இல்லாத ஓர் ஊரின் மக்கள் பேசினர். இப்படைப்புக்கு அமைந்த இடங்களில் மிகப் பொருத்தமானது இதுவே எனலாம். அதற்கு முந்தைய ஆண்டு அத்தமான் பிரித்தானியாவின் டர்னர் பரிசுக்கான இறுதிப் பட்டியலில் இடம்பெற்றிருந்ததால், அவர் பெயர் இலண்டன் பார்வையாளருக்கு ஏற்கெனவே அறிமுகமாகியிருந்தது. 2004 இன் டர்னர் பரிசு ஜெரமி டெல்லருக்குக் கிடைத்தது.

2006 இல் வியன்னாவைச் சேர்ந்த தைசன்-போர்னெமிசா தற்காலக் கலை அமைப்பு கியூபாவை ஒரு சரக்குப் படகில் ஏற்றியது. கருங்கடலிலிருந்து புறப்பட்ட படகு தன்யூபு ஆற்றில் எதிர்நீச்சலிட்டு, கரையோர நகரங்களில் நின்று நின்று வியன்னாவைச் சென்றடைந்தது. ‘நீரோட்டத்துக்கு எதிரான பயணம்’ என்ற பொருள்பட இதற்குப் பெயரிடப்பட்டது. வழியிலுள்ள நாடுகளின் கலைஞர்களும் புதிய படைப்புகளை இதற்கெனச் செய்தனர். காலமும் கவனிக்கத்தக்கது. துருக்கியை ஐரோப்பிய ஒன்றியத்தில் சேர்ப்பதற்கான பேச்சுவார்த்தை 2005 அக்டோபரில்தான் தொடங்கியிருந்தது. வழியிலிருந்த பல்கேரியாவும் உருமேனியாவும் 2007 சனவரியில் ஒன்றியத்தில் சேர்ந்தன. 1529 இலும் 1683 இலும் உதுமானியப் படைகள் வியன்னாவை முற்றுகையிட்ட வரலாற்றை அறிந்தோருக்கு, இஸ்தான்புல்லின் ஏழைகள் நாற்பது பேர் தொலைக்காட்சிப் பெட்டிகளில் அந்நகருக்குப் படகேறிச் சென்றது ஒரு சிறு புன்னகையைத் தரக்கூடும்.

2008 இல் கனடாவின் வான்கூவர் கலைக்கூடத்தில் கியூபா, அத்தமானின் ‘சொர்க்கம்’ என்ற படைப்புடன் இணைத்துக் காட்டப்பட்டது. இரண்டாவது படைப்பில் கலிபோர்னியாவின் ஆரஞ்சு மாவட்டத்தைச் சேர்ந்த 24 பேர், தம் ஊரே சொர்க்கம் என்ற எண்ணத்தைச் சுற்றிப் பேசுகின்றனர். வசதி படைத்த வட்டாரம் அது. அடுத்தடுத்துப் பார்க்கையில், ஓர் ஊரைத் தன் அடையாளமாகக் கொள்ள வேண்டிய தேவை ஏழைக்கு மட்டும் உரியதன்று என்பது விளங்கும்.

எழும் கேள்விகள்

ஏழைகளின் வாழ்க்கையைத் தொலைதூர அருங்காட்சியகங்களின் பார்வையாளருக்கு முன்வைப்பது முறையா என்ற கேள்வி இத்தகைய படைப்புகள் அனைத்துக்கும் பொதுவானது. கியூபாவில் அது சற்றுக் கூர்மையாகவே எழுகிறது. சிறையைப் பற்றி ஒருவர் சொல்லிக்கொண்டிருக்கும்போதே பார்வையாளர் எழுந்து வேறு நாற்காலிக்குப் போய்விடலாம். பேசுபவருக்கு அது தெரியப்போவதில்லை. ஆனால் அறையிலுள்ள ஏனையோருக்குத் தெரியும், எழுந்தவருக்கும் தெரியும். அமைப்பு இந்த உறுத்தலை நீக்க முயல்வதில்லை.

கியூபா உருவான ஆண்டுகள் இஸ்தான்புல்லில் ஏழைக் குடியிருப்புகளை இடித்து அடுக்குமாடிகள் கட்டும் திட்டங்கள் விரைவுபெற்ற ஆண்டுகளும் ஆகும். 2005 இல் பழைய நகர்ப்பகுதிகளைப் புதுப்பிப்பதற்கான சட்டம் வந்தது. அதன்கீழ் நாடோடி இனத்தவரான ரோமாக்கள் நெடுங்காலமாக வாழ்ந்த சுலுகுலே வட்டாரம் 2000களின் இறுதியில் இடிக்கப்பட்டது. 2012 இல் நிலநடுக்க ஆபத்தைக் காரணமாகக் கொண்டு மேலும் விரிந்த சட்டம் ஒன்று இயற்றப்பட்டது. இவ்வகைத் திட்டங்களின் ஆவணங்களில் குடியிருப்பு ஒரு பரப்பளவாகவும் வீடுகளின் எண்ணிக்கையாகவும் மட்டுமே இடம்பெறும். நாற்பது நாற்காலிகள் அதற்கு நேர்மாறான கணக்கை வைக்கின்றன.

ஒப்பிடத்தக்க படைப்புகள்

கூட்டத்தையும் தனிமனிதரையும் எதிரெதிரே நிறுத்தும் நிகழ்பட நிறுவல்கள் இதே காலத்தில் வேறு சிலவும் தோன்றின. ஈரானியக் கலைஞர் ஷிரின் நெஷாத்தின் ‘பரவசம்’ (1999) எதிரெதிர்ச் சுவர்களில் இரு திரைகளைக் கொண்டது. ஒன்றில் வெண்சட்டை அணிந்த ஆண்கள் ஒரு கோட்டைக்குள்ளும், மற்றொன்றில் கருப்பு முக்காடணிந்த பெண்கள் பாலைவெளியிலும் திரளாக இயங்குவர். இறுதியில் சில பெண்கள் மட்டும் ஒரு படகிலேறிக் கடலுக்குள் செல்வர். அங்கே எவரும் தம் பெயரையோ கதையையோ சொல்வதில்லை. திரளிலிருந்து பிரிவதே தனித்தன்மையாகிறது.

தென்னாப்பிரிக்காவில் பிறந்த கேண்டிஸ் பிரைட்ஸின் படைப்புகள் கியூபாவுக்கு இன்னும் நெருக்கமானவை. 2005 இல் அவர் ஜமைக்காவில் பாப் மார்லியின் ரசிகர் 30 பேரையும், மிலான் நகரில் மடோனாவின் ரசிகர் 30 பேரையும், பெர்லினில் மைக்கேல் ஜாக்சனின் ரசிகர் 16 பேரையும் தனித்தனியே அழைத்து, ஒரு முழு இசைத்தொகுப்பைப் பாடச்செய்து பதிவு செய்தார். 2006 இல் நியூகாசிலில் ஜான் லெனனின் ரசிகர் 25 பேருடன் இதனைத் தொடர்ந்தார். காட்சியில் எல்லாரும் ஒரே நேரத்தில் ஒரே பாடலைப் பாடுவதால் பதிவுகள் ஒரு குழுப்பாடலாக இணைகின்றன. அத்தமானின் நாற்பது பேரும் ஒருபோதும் இணைந்து ஒலிப்பதில்லை. ரசிகர்களை ஒன்றாக்க ஒரு பாடல் இருக்கிறது; கியூபாக்காரர்களிடம் ஊர்ப்பெயர் மட்டுமே உண்டு.

அத்தமான் பின்னர் இதே சிக்கலை வேறு அளவில் எடுத்துக்கொண்டார். மறைந்த தொழிலதிபர் சகிப் சபன்ஜியின் நினைவாக 2014 இல் அவர் செய்த உருவப்படம் ஒன்பதாயிரத்துக்கும் மேற்பட்ட சிறு மின்திரைகளால் ஆனது. சபன்ஜியோடு ஏதோ ஒரு வகையில் தொடர்புடைய ஒருவரின் முகம் ஒவ்வொரு திரையிலும் தோன்றும். 2015 இல் வெனிசு ஈராண்டுக் கலைவிழாவில் அது பார்வையாளரின் தலைக்கு மேல் அலைபோல் தொங்கவிடப்பட்டிருந்தது. அதில் முகங்கள் பேசுவதில்லை. எதிரே அமர நாற்காலியும் இல்லை.